புது ஓடும் பழைய ஓடும்

ரோமில் ட்ரெவி நீரூற்றின் முன்னால் நாங்கள் நின்றது 11 நிமிடம். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு. பேருந்திலிருந்து இறங்கி நடக்கக் கால் மணி, திரும்பி ஓடிவரக் கால் மணி, நடுவில் இந்த 11 நிமிடம். வழிகாட்டி மஞ்சள் குடையை உயரத் தூக்கிப் பிடித்தபடி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் 38 படம் எடுத்திருந்தேன். இரவு அறைக்கு வந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முக்கால்வாசிப் படங்களில் முன்னால் நின்றவர்களின் பின்மண்டைகளும் தூக்கிய கைகளும்தான். அவற்றுக்கு மேலே எங்கோ வெள்ளைக் கல்லில் கடல்தேவன் தெரிந்தான்.

கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "தண்ணி சத்தம் எப்படி இருந்துச்சுடா? கூட்டத்துல எனக்குக் காதுல விழவே இல்ல."

எனக்கும் நினைவில்லை. 1732-இல் தொடங்கி 30 ஆண்டு உழைத்து 1762-இல் முடித்த நீரூற்று அது. அதன் எதிரிலேயே நின்றுவிட்டு வந்தவனுக்குத் தண்ணீரின் சத்தம் நினைவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு நாங்கள் குழுவோடு எங்கும் போகவில்லை. வெனிஸ் போனோம், குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் போனோம், ரோமுக்கே இரண்டாம் முறையும் போனோம். அக்காவுக்கு வேகமாக நடக்க முடியாது. 20 படி ஏறினால் ஓரிடத்தில் உட்கார வேண்டும். பழைய நகரங்களைப் பார்க்க அது எவ்வளவு நல்ல முறை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

முதல் பயணத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நேரில் போவதற்கு முன்பே அந்த நீரூற்றை நூறு முறையாவது பார்த்திருப்பேன். திரையில், நாட்காட்டியில், பிறர் அனுப்பிய படங்களில். அங்கே போய் நின்றபோது நான் செய்தது சரிபார்க்கும் வேலை. மனதில் இருந்த படத்தையும் எதிரில் இருந்ததையும் ஒத்துப் பார்த்து, 'ஆமாம், அதேதான்' என்று உறுதி செய்துகொண்டேன். கையோடு அதே கோணத்தில் நானும் ஒரு படம் எடுத்தேன். அத்தோடு அந்த இடம் எனக்கு முடிந்துவிட்டது.

கைப்பேசி வந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டோம் என்று பலரும் சொல்வார்கள். பழைய கதைகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இயற்கைக் காட்சி காணப் போனவர்கள் சிலர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துப்போவார்களாம். கருஞ்சாயம் ஏற்றிய, லேசாகப் புடைத்த கண்ணாடி. கிளாட் லொரேன் என்ற ஓவியரின் பெயரால் அதை அழைத்தார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். அதில் எல்லாமே அவருடைய ஓவியம்போலத் தெரியும். பார்க்க வந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அப்புறம் ரயில் வந்தது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். குழுச் சுற்றுலாத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அதுதான் என்பார்கள். ஜெர்மனியின் பேடெக்கர் பயணக் கையேடுகள் முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறி போட்டன. எதன் முன்னால் நிற்க வேண்டும், எதைக் கடந்து போய்விடலாம் என்பதை நம் கால்களுக்கு முன்பே வேறொருவர் தீர்மானித்துவிடும் வழக்கம் அப்படி ஊன்றிக்கொண்டது. வழிகாட்டியின் மஞ்சள் குடைக்கு வயது கொஞ்சம் அதிகம்.

இதில் யாரும் வெளியே சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. பேர்பெற்ற ஒன்றின் முன்னால் நிற்கும்போது மனதில் எதுவுமே அசையாது. எல்லோருக்கும் அப்படி இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால், 1817ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றி எழுதும்போது, ஃபுளோரன்சின் சாந்தா குரோசே தேவாலயத்திலிருந்து வெளியே வந்ததும் நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்தபடி நடந்ததாகச் சொல்கிறார். அந்நகரின் மனநல மருத்துவர் கிராசியெல்லா மகெரினி, கலைப்படைப்புகளைப் பார்த்து மயங்கியும் குழம்பியும் மருத்துவமனைக்கு வந்த பயணிகளைக் கவனித்து, அந்த நிலைக்கு ஸ்டெந்தாலின் பெயரையே வைத்தார். நேர்மாறாக, பாரிஸ் தாங்கள் கனவு கண்டதுபோல இல்லையே என்று மனம் உடைந்துபோன ஜப்பானியப் பயணிகளைப் பற்றி ஹிரோவாகி ஓடா என்ற மருத்துவர் எழுதினார். இந்த இரண்டும் அபூர்வமானவை. பெரும்பாலோருக்கு நேர்வது வெறுமனே நிற்பது. 'இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே, என்னிடம்தான் குறையோ?' என்ற நினைப்போடு நிற்பது. எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. அது பயணியின் குறை என்று இப்போது நான் நினைப்பதில்லை. பல நாள் பழகித்தான் ஒரு மனிதரைப் பற்றி நமக்கு ஏதாவது தோன்றுகிறது. ஒரு நகரம் மட்டும் 11 நிமிடத்தில் மனதைத் திறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

ரோமுக்கு இரண்டாம் முறை போனபோது ஒரு காலை முழுவதையும் ஒரே ஒரு கட்டடத்துக்குக் கொடுத்தோம். சான் கிளெமென்தே என்ற தேவாலயம். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைதான். கொலோசியத்தைச் சுற்றி நின்ற வரிசையோடு ஒப்பிட்டால் இங்கே ஆளே இல்லை என்று சொல்லலாம். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கும். உள்ளே போனால் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பலிபீடத்துக்கு மேலே, தங்கப் பின்னணியில் பச்சைக்கொடி சுருள் சுருளாகப் படர்ந்த மொசைக். அதைப் பார்த்ததும் வந்த வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஓரத்தில் கீழே இறங்கப் படிகள் இருக்கின்றன.

இறங்கினால் இன்னொரு தேவாலயம். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகள் வழிபாடு நடந்த கட்டடத்தை மண்ணால் நிரப்பி, அதையே அடித்தளமாக்கி மேலே இருப்பதைக் கட்டியிருக்கிறார்கள். மேலே வழிபட்டவர்களுக்கு, காலுக்குக் கீழே ஒரு தேவாலயம் இருப்பது நாளடைவில் மறந்தே போனது. 1857-இல் ஜோசப் மல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கியபோதுதான் அது வெளியே வந்தது.

அங்கே ஒரு சுவரோவியத்தின் முன்னால் அக்கா வெகுநேரம் நின்றாள். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீட்டியது. சிசின்னியஸ் என்ற செல்வந்தன், புனித கிளெமென்தைக் கட்டி இழுத்துவரும்படி வேலையாட்களை ஏவுகிறான். அற்புதத்தால் கண் மயங்கிய அவர்கள் ஒரு கல்தூணைக் கட்டி இழுக்கிறார்கள். தூண் நகர மறுக்கிறது. எசமானுக்குக் கோபம். அவன் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை ஓவியத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தாயைப் பழிக்கும் ஒரு வசையில் தொடங்கி, 'இழுங்கடா!' என்று கத்துகிறான். புனிதரின் பேச்சு மட்டும் லத்தீனில் இருக்கிறது. மற்றவர்கள் பேசுவது அன்றைய தெருப்பேச்சு. இத்தாலிய மக்கள் பேச்சுமொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

இதைப் படித்துச் சொன்னதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "வேலைக்காரங்களைத் திட்டுறதைக் கோயில் சுவத்துல எழுதிவெச்சிருக்காங்களே!" என்றாள். ரோமில் எத்தனையோ பேரரசர்களின் வளைவுகளைப் பார்த்தோம். 900 ஆண்டுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு மனிதன் பக்கத்தில் நிற்பதுபோல எனக்குத் தோன்றியது அந்தச் சுவரின் முன்னால்தான்.

இன்னும் கீழே படிகள் இறங்குகின்றன. குளிர் கூடுகிறது, சுவர் ஈரமாகிறது. மூன்றாவது நிலை, முதலாம் நூற்றாண்டு ரோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து. ஒருகாலத்தில் வெயில் விழுந்த சந்து, இப்போது பூமிக்கு அடியில். ஒரு பக்கம் மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்டவர்கள் கூடிய சிறு குகை அறை. இரு பக்கமும் உட்காரக் கல் திண்ணை, நடுவில் மித்ரா காளையைக் கொல்லும் காட்சி செதுக்கிய பீடம். அந்தச் சந்தில் நின்றபோது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ சுவருக்குப் பின்னால் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

நாங்கள் போனபோது கீழ் நிலைகளில் படமெடுக்க அனுமதியில்லை. என்னிடம் அந்த இடத்தின் ஒரு படம்கூடக் கிடையாது. ஆனால் படிகளின் வளைவு, ஈரச் செங்கல்லின் வாசனை, சத்தம் எந்தப் பக்கம் கூடியது, எந்தப் பக்கம் குறைந்தது என்பதெல்லாம் இன்றும் என்னால் சொல்ல முடியும். 2014-இல் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனையைப் பிறகு படித்தேன். ஓர் அருங்காட்சியகத்தில் சில பொருள்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படமெடுக்கவும் சொல்லியிருக்கிறார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்களும் அவற்றின் நுணுக்கங்களும்தான் குறைவாக நினைவிலிருந்தன. படம் பார்த்துக்கொள்ளும் என்று மனது பொறுப்பை அதனிடம் விட்டுவிடுகிறது. அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு நினைவு மங்கவில்லை. எதை நெருக்கலாம் என்று தேடும்போதே கண் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது போலும். இப்போது நான் எடுக்கும் படங்களில் முழுக் கட்டடம் இருப்பதே அரிது. ஒரு தாழ்ப்பாள், தேய்ந்த படியின் குழி, பழைய சுவரில் பிற்பாடு அடைத்த சன்னலின் தடம், இப்படித்தான் இருக்கும்.

வெனிஸில் அக்கா வேறொரு கேள்வி கேட்டாள். புனித மாற்கு சதுக்கத்தில் செங்கல் மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 1902 ஜூலை 14 காலையில் அந்தக் கோபுரம் முழுசாகச் சரிந்து விழுந்தது. நல்ல வேளையாக மனித உயிர் எதுவும் போகவில்லை. 'இருந்தபடியே, இருந்த இடத்திலேயே' என்று முடிவு செய்து திரும்பக் கட்டி 1912-இல் திறந்தார்கள். சுற்றி நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே தேவாலயத்தின் முகப்பில் நான்கு வெண்கலக் குதிரைகள். அவை நகல்கள். காற்றின் மாசு அரிக்காமலிருக்க அசலை உள்ளே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த அசலும் வெனிஸில் வார்த்தது கிடையாது. 1204-இல் நான்காம் சிலுவைப் போரின்போது கான்ஸ்டாண்டினோபிளைச் சூறையாடிக் கொண்டுவந்தது. 1797-இல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்கு எடுத்துப்போனான், 1815-இல் திரும்பி வந்தன.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "அப்போ இங்க எதுடா அசல்?" என்றாள்.

நல்ல கேள்வி. பழைய நகரத்துக்குப் போகும் எல்லோர் மனதிலும் அது இருக்கிறது. நாம் தொட விரும்புவது அந்தக் காலத்தையே. நடுவில் யாரும் கைவைக்காத, அப்படியே நின்றுபோன காலத்தை. 'புதுசா கட்டினதாம்' என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. ஃபுளோரன்ஸ் சதுக்கத்தில் நிற்கும் தாவீது சிலை நகல் என்று தெரிந்ததும் அவசரமாக விலகிப்போன ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். மைக்கலாஞ்சலோ செதுக்கியதை 1873-லேயே கலைக்கூடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு அந்த முகச்சுருக்கம் இப்போது வருவதில்லை. காரணம் போலந்தின் தலைநகர் வார்சா. அங்கே நான் போனதில்லை, படித்ததுதான். ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944-இல் மக்கள் நடத்திய எழுச்சியை நசுக்கிய பிறகு ஜெர்மானியப் படை அந்நகரைத் திட்டமிட்டு இடித்தது. பழைய நகரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தரைமட்டம். போருக்குப் பிறகு மக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ வரைந்துவைத்த தெருக்காட்சி ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துச் சுவர்களை எழுப்பினார்கள். 1980-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதன் சிறப்பே அந்த மறுகட்டுமானம்தான். ஜப்பானின் இசே ஆலயத்தில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தில் புதிதாகவே எழுப்புகிறார்கள். கடைசியாக 2013-இல் நடந்தது. நடுவில் போர்க்காலங்களில் தடைபட்டதுண்டு, ஆனால் வழக்கம் ஆயிரம் ஆண்டைத் தாண்டியது. அங்கே மரத்தின் வயதை யாரும் கேட்பதில்லை. தச்சரின் கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாக வருகிறதா என்பதே பேச்சு.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் முப்பது ஆண்டாகத் தையல் வேலை செய்கிறவள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தைச்சு வெச்சுக்கணும்னு யாருக்கோ தோணியிருக்கே" என்றாள்.

வெனிஸில் தொலைந்துபோனதையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனைகளில் 'ரியால்டோவுக்கு', 'சான் மார்க்கோவுக்கு' என்று, அதாவது ரியால்டோ பாலத்துக்கும் புனித மாற்கு சதுக்கத்துக்கும் வழிகாட்டும் மஞ்சள் பலகைகள் இருக்கும். கூட்டம் ஆறுபோல அந்தப் பலகைகளைப் பிடித்துக்கொண்டே ஓடும். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என ஐந்தை வைத்துத்தான் மனிதர்கள் நகரத்தின் வரைபடத்தை மனதில் தீட்டிக்கொள்கிறார்கள் என்று நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-இல் எழுதினார். வெனிஸ் பயணியின் மனதில் பெரும்பாலும் இரண்டே சின்னங்கள், ஒரே பாதை. அக்காவுக்குக் கால் வலிக்க, உட்கார இடம் தேடி ஒரு சந்துக்குள் திரும்பினோம். இருபது அடிதான் இருக்கும். சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. ஒரு சிறு சதுக்கம், நடுவில் மூடிய கல் கிணறு, ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் எங்களைத் தவிர வேறு பயணி யாரும் அங்கே வரவில்லை.

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைச் சன்னலில் ஒளிரும் எண்கள் கொண்ட பெட்டி ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிறார்கள். நாங்களும் முதல் நாள் ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் கடந்தோம். மறுநாள்தான் விசாரித்தோம். பழைய வெனிஸில் இன்னும் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை அது. 2008 முதல் அங்கே இருக்கிறது. 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த இடம். 2022-இல் எண்ணிக்கை 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பயணிகள் தங்கும் அறைகளாக மாறுகின்றன, வாடகை ஏறுகிறது, பிள்ளைகள் தரைப்பகுதிக்குக் குடிபெயர்கிறார்கள். இத்தாலிய அரசு 2021-இல் பெரிய சொகுசுக் கப்பல்கள் நகரின் ஜூதெக்கா கால்வாய்க்குள் வருவதைத் தடுத்தது. 2024-இல் நகராட்சி, கூட்டம் மிகுந்த சில நாட்களில் பகலில் வந்துபோகும் பயணிகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது, 25 பேருக்கு மேற்பட்ட வழிகாட்டிக் குழுக்களையும் ஒலிபெருக்கியையும் தடைசெய்தது. அந்த எண்களின் முன்னால் நின்றபோது என் அறைச் சாவி சட்டைப்பையில் இருந்தது. யாரோ குடியிருந்த வீட்டின் சாவி.

இதைப் படித்துவிட்டு யாரும் பயணத்தையே விட்டுவிட வேண்டாம். ஒரு நகரத்துக்கு ஆறு மணி நேரம் வந்து போவதைவிட இரண்டு இரவு தங்குவது எல்லோருக்கும் நல்லது என்பது என் அனுபவம். பகல் கூட்டம் போன பிறகு கல் தரையில் சொந்தக் காலடிச் சத்தம் கேட்கும். விடியற்காலையில் குப்பைப் படகு வரும், பள்ளிக்கூடப் பைகள் ஓடும். நகரம் யாருடையது என்று அப்போது தெரியும்.

துப்ரோவ்னிக் பற்றிச் சொல்லத்தான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

அத்ரியாட்டிக் கடலோரம் மதில் சூழ்ந்த நகரம். மதில்மேல் நடந்தே ஒரு சுற்று வரலாம், 1,940 மீட்டர். கீழே ஸ்த்ராதுன் என்ற பெரிய வீதியின் சுண்ணாம்புக்கல் தரை, மனிதக் கால்களால் தேய்ந்து தேய்ந்து, மழை பெய்யாமலே நனைந்ததுபோல மினுங்குகிறது. இருபுறமும் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற வீடுகள். காரணம் 1667-இல் வந்த நிலநடுக்கம். ஊரே இடிந்த பிறகு, ஒரே திட்டத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது அங்கே வருகிறவர்களில் பலர் வேறொரு நகரத்தைத் தேடி வருகிறார்கள். புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சித் தொடர் அங்கே படமானது. கற்பனை ராஜ்ஜியத்தின் தலைநகராக இந்த ஊரைக் காட்டினார்கள். ஒரு பெரிய கல் படிக்கட்டில் குழு குழுவாக நின்று, கையில் திரையை வைத்துக்கொண்டு, 'இங்கேதான் அந்தக் காட்சி' என்று காட்டுகிறார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு கதையின் விரலைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வருவது எவ்வளவோ மேல். ஆனால் அதே படிக்கட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், சுவர்களில் குண்டுச் சிதறல் பொளிந்த குழிகள் இருக்கின்றன. அவற்றைக் காட்ட அந்தக் குழுவில் யாரும் இல்லை.

மதில்மேல் ஏறியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "என்ன அழகான நிறம்!" கீழே கடல்வரை ஓட்டுக் கூரைகள். பளிச்சென்ற செம்மஞ்சள். எல்லாப் படங்களிலும் இந்த நிறம்தான் இருக்கும். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே நிறம் இல்லடா," என்றாள். "அங்க பாரு. அந்த ரெண்டு வீடு மட்டும் மங்கலா இருக்கு. அந்த மூலையில ஒண்ணு. நடுவுல ஒரு வீட்டுல பாதி அப்படி, பாதி இப்படி."

அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக, வெளிறிய, பழுப்பும் சாம்பலும் கலந்த பழைய ஓடுகள். ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு நிறம், பாசி பிடித்தது. மற்றதெல்லாம் புதியவை.

ஊர் வாசலில் ஒரு வரைபடம் மாட்டியிருப்பதைக் கீழே வந்த பிறகு நின்று படித்தோம். உள்ளே நுழைந்தபோது கவனிக்காமல் போயிருந்தோம். யூகோஸ்லாவியா உடைந்த போரில் 1991 அக்டோபரில் இந்த நகரத்தின்மேல் முற்றுகை தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்றுதான் பழைய நகரத்தின்மேல் மிகக் கடுமையான குண்டுவீச்சு. 1979 முதலே யுனெஸ்கோ பட்டியலில் இருந்த நகரம் அது. பட்டியலைப் பார்த்துக் குண்டுகள் விலகிப்போகவில்லை. எந்தக் கூரையில் குண்டு நேராக விழுந்தது, எது சிதறலில் உடைந்தது, எது எரிந்தது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வரைபடத்தில் குறி போட்டிருக்கிறார்கள். பழைய நகரத்தின் மூன்றில் இரண்டு பங்குக் கட்டடங்களுக்கு அடி. வெளியூர்களிலிருந்தெல்லாம் ஓடு கொண்டுவந்து வேய்ந்திருக்கிறார்கள். பழைய ஓட்டின் நிறம் புதியதில் வரவில்லை.

நான் அழகு என்று சொன்ன அந்தச் செம்மஞ்சள், குண்டு விழுந்த இடங்களின் நிறம்.

வரைபடத்தின் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. "நல்லா இருக்குன்னு சொன்னதுல என்ன தப்பு? நல்லாத்தானே வேஞ்சிருக்காங்க," என்றாள். அப்புறம் தன் புடவைத் தலைப்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்: "பழைய துணியில புது ஒட்டு போட்டா மொதல்ல அப்படித்தான் துருத்திக்கிட்டுத் தெரியும். பத்துத் துவைப்பு ஆகணும்."

மறுநாள் மாலை மறுபடியும் மதிலுக்கே போனோம். இந்த முறை சுற்றி முடிக்கும் எண்ணமில்லை. கப்பல் பயணிகள் போய்விட்டிருந்தார்கள். உழவாரக் குருவிகள் கூரைகளுக்குமேல் கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு சுழன்றன. மதில்மேலிருந்து பார்த்தால் வீடுகளின் பின்பக்கம் அப்படியே கண்ணில் விழுகிறது. சமையலறைச் சன்னல், பூந்தொட்டி, உடைந்த நாற்காலி. மதிலுக்குள் வாழ்கிறவர்களின் எண்ணிக்கை போருக்கு முன்பு இருந்ததில் பாதிகூட இன்று இல்லை. அந்த மிச்சப் பேரின் கொல்லைப்புறத்தை நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க மேலிருந்து பார்த்துக்கொண்டே போகிறோம். யாருடைய கூரையைப் படமெடுத்தேனோ, அந்தக் கூரைக்குக் கீழே ஒருவர் படுத்திருப்பார் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வீட்டில், இரண்டு சுவர்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி சன்னலில் நின்று கயிற்றை இழுத்து இழுத்துத் துணியை எடுத்தார். இழுக்கும்போதெல்லாம் கப்பி கிறீச்சிட்டது. தற்செயலாக அவர் நிமிர்ந்தபோது எங்களைப் பார்த்தார். நான் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தேன். அக்கா தலையை லேசாகச் சாய்த்தாள், தெரிந்தவர்களைப் பார்த்தால் சாய்ப்பதுபோல. அவரும் சாய்த்தார். பிறகு ஒரு தலையணை உறையை உதறி மடித்தார்.

மதிலின் அடியில் ஒரு கூடைப்பந்து ஆடுகளம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் நான்கு பேர். பந்து கல்தரையில் மோதும் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி இரண்டிரண்டு முறை கேட்டது. அக்கா படியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்டா," என்றாள். "இவங்க ஆடி முடிக்கட்டும்."